வெட்டுவதற்கு முன் ஒரு போட்டோ: நூறு நாள் வேலைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அம்மாக்களே, அக்காக்களே, அண்ணன்மாரே, பணித்தளப் பொறுப்பாளர்களே,

வணக்கம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று இன்றைக்குப் பிரிந்து கிடக்கும் பழைய வடாற்காட்டில் நீங்கள் ஏரி தூர் வாருகிறீர்கள், வரத்துக் கால்வாய் வெட்டுகிறீர்கள், மரக்கன்றுக்குக் குழி தோண்டுகிறீர்கள். நான் குடியாத்தம் பக்கத்தில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கும் ஆள். நான் சொல்ல வந்த விஷயத்தை முறைப்படி வனத்துறைக்குத்தான் எழுதியிருக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். வனத்துறைக்காரர் காட்டுக்குள் நடக்கிறார். மண்ணைத் தோண்டுவது அவர் வேலை இல்லை. ஆராய்ச்சி மாணவர்கள் எப்போதாவது வந்து கல்லைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். வருஷம் முழுக்க, ஊர் ஊராக, மண்ணை ஒரு முழம் ஆழத்துக்குத் திறந்து பார்க்கிறவர்கள் நீங்கள்தான். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். டீ குடிக்க உட்காரும்போது யாராவது ஒருவர் சத்தமாக வாசித்தால் போதும்.

கேட்பது ஒன்றே ஒன்று. மண் வெட்டும்போது விரல் தடிமனில், பளபளவென்று, பாம்புபோல ஒன்று நெளிந்து வெளியே வந்தால், உடனே மண்வெட்டியால் போடாதீர்கள். இரண்டடி பின்னால் வந்து நில்லுங்கள். முடிந்தால் ஒரு போட்டோ எடுங்கள். அப்புறம் அதன் வழியில் விட்டுவிடுங்கள். ஏன் இவ்வளவு கவலை என்று கேட்பீர்கள். நெளிவதெல்லாம் பாம்பு இல்லை. கால் இல்லாத பல்லிகள் உலகத்தில் உண்டு. அவற்றில் ரொம்ப அபூர்வமான சில, நம் ஜவ்வாது மலையும் ஏலகிரியும் சேர்ந்திருக்கிற அதே கிழக்குத் தொடர்ச்சி மலை வரிசையைச் சேர்ந்தவை.

முதலில் பர்குடியாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒடிசாவில் சிலிகா என்று ஒரு பெரிய ஏரி, கடலோடு சேர்ந்த உப்பங்கழி. அதற்குள் பர்குடா என்று ஒரு சின்னத் தீவு. அந்தத் தீவின் மண்ணிலிருந்து ஒரு பிராணி கிடைத்தது. பார்வைக்குப் பெரிய மண்புழு, தொட்டால் செதில் வழவழப்பு. அன்றைய இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநரான நெல்சன் அன்னண்டேல் அதைப் பார்த்து, இது பாம்பு இல்லை, காலே இல்லாத அரணை என்று 1917-இல் எழுதினார். தீவின் பெயரையே வைத்துப் பர்குடியா என்று ஒரு புதிய பேரினத்தையும் உண்டாக்கினார். பேரினம் என்றால் ஒரே குடும்பத்துக்குள் ரொம்ப நெருங்கிய சொந்தங்களின் கூட்டம். பர்குடியாவுக்குள் இருப்பது மொத்தம் இரண்டே இனங்கள். ஒன்று இந்தத் தீவில் கிடைத்தது. இன்னொன்று ஆந்திராவில் விசாகப்பட்டினத்துப் பக்கத்து மலைகளில் இருப்பது. 1801-லேயே ஐரோப்பாவில் ஒருவர் அதற்குப் பெயர் வைத்துவிட்டார், அது பர்குடியாவின் சொந்தம் என்பது பின்னால்தான் தெளிவானது. உலகத்தில் வேறெங்கும் பர்குடியா கிடையாது. அந்தக் காலத்தில் சிலிகா பக்கத்துக் கஞ்சம் ஜில்லாவும் நம் வட ஆற்காடு ஜில்லாவும் ஒரே சென்னை மாகாணம். ஒடிசா தனியாகப் பிரிந்தது 1936-இல்தான்.

இதைவிட எனக்குப் பிடித்த கதை செப்சோஃபிஸ். ரிச்சர்ட் ஹென்றி பெடோம் என்று ஒருவர், சென்னை மாகாண வனத்துறை அதிகாரி. மரம், பெரணி, பாம்பு, தவளை என்று எதைக் கண்டாலும் விடாத ஆசாமி. விசாகப்பட்டினம் பக்கத்து மலையிலிருந்து கிடைத்த ஒரே ஒரு பிராணியை வைத்துக்கொண்டு 1870-இல் இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தார். உடம்பெல்லாம் புள்ளி, கால் இல்லை. அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கும் மேல் ஒருவர் கண்ணிலும் படவில்லை. அழிந்தே போயிற்றோ என்று நினைத்திருந்த சமயத்தில், ஆந்திர, ஒடிசா மலைகளில் மறுபடி கிடைத்தது. 2013-இல் அதை முறையாக விவரித்து ஆய்வுக்கட்டுரை வந்தது. அது எங்கேயும் போய் ஒளிந்துகொள்ளவில்லை. மெத்தென்ற மண்ணுக்குள்ளும் கல்லுக்கடியிலும் தன் பாட்டுக்கு இருந்தது. மேலே நடந்தவர்கள் யாரும் கீழே பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பர்குடியாவும் செப்சோஃபிஸும் நம் ஊர்ப் பிராணிகள் இல்லை, அவற்றின் ஊர் வெகு வடக்கே. ஆனால் ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். கிழக்குத் தொடர்ச்சி என்று பெயர்தான் தொடர்ச்சி. நடுவில் கோதாவரி, கிருஷ்ணா, பெண்ணையாறு என்று பெரிய ஆறுகள் அறுத்துக்கொண்டு போகின்றன. பறக்கிற பறவைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மண்ணுக்குள் ஒரு நாளைக்குச் சில அடி நகர்கிற பிராணிக்கு ஓர் ஆறு என்பது உலகத்தின் எல்லை. அதனால் மண்ணுக்குள் வாழ்கிற பல்லிகள் ஒவ்வொரு மலையிலும் ஒவ்வொரு தீவிலும் தனித்தனியாக ஒதுங்கி, லட்சக்கணக்கான வருஷத்தில் தனித்தனி இனமாகவே மாறிவிடுகின்றன. ஒரு மலையில் இருப்பதைப் பார்த்துவிட்டால் பக்கத்து மலையையும் பார்த்ததாக ஆகாது.

நம் பக்கத்து நிலத்திலேயே இதற்கு ஒரு பாதி வழி உதாரணம் இருக்கிறது, நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். மல்லாட்டை பிடுங்கும்போதோ, குப்பைமேட்டைக் கிளறும்போதோ, விரல் நீளத்துக்குச் சற்று மேல், வெண்கல நிறத்தில் கறுப்புப் புள்ளிகளோடு ஒன்று சரசரவென்று வழுக்கிக்கொண்டு ஓடும். குட்டியாக இருந்தால் வால் சிவப்பாக இருக்கும். புள்ளி அரணை என்று சொல்லலாம். விலங்கியலில் ரியோபா என்ற பேரினம். இதற்குக் கால் நாலும் உண்டு, ஆனால் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குக் குட்டி. மெதுவாகப் போகும்போது அந்தக் கால்களை ஊன்றி நடக்கும். விரட்டினால் கால்களை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு பாம்புபோல வளைந்து நெளிந்து பாயும். ஒடுக்கமான உறை கிணற்றில் இறங்குகிறவர் கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொள்வாரே, அந்தக் காரியம்தான் இதுவும். இடுக்கில் கை கால் நீட்டியிருந்தால் மாட்டிக்கொள்ளும்.

அரணை என்றதும் ‘அரணை கடித்தால் மரணம்’ என்று ஒரு குரல் வரும், எனக்குத் தெரியும். கூடவே, ‘அது கடிக்க வரும், வந்த காரியம் மறந்து திரும்பிவிடும், அதனால்தான் நாமெல்லாம் பிழைத்திருக்கிறோம்’ என்று இன்னொரு கதையும் வரும். மறதிக்காரனை ‘அரணை புத்தி’ என்று திட்டுவதும் இதனால்தான். அரணைக்கு விஷமே கிடையாது. எந்த அரணைக்கும் கிடையாது, காலுள்ளதற்கும் இல்லை, கால் இல்லாததற்கும் இல்லை. விஷப்பை இல்லை, விஷப்பல் இல்லை. அது கடிக்காமல் போவது மறதியால் இல்லை. நம்மைப் பார்த்து அதற்கு உயிர்ப் பயம். அதன் சாப்பாடு கரையான், சின்ன வண்டு, பூச்சிகளின் புழு இவைதான்.

சரி, கால் எப்படிப் போகும்? யாராவது வெட்டினால் போகாது, பயன்படுத்தாததால் ஒரு பிறவியில் சூம்பியும் போகாது. மண்ணுக்குள்ளும் அடர்ந்த புல்லுக்குள்ளும் வாழ்கிற கூட்டத்தில் கால் கொஞ்சம் குட்டையாகவும் உடம்பு கொஞ்சம் நீளமாகவும் பிறந்தவை லேசாக நுழைகின்றன, தப்பிக்கின்றன, குட்டி போடுகின்றன. அவற்றின் பிள்ளைகளிலும் அப்படியே. தலைமுறை தலைமுறையாக விரல் ஒவ்வொன்றாகக் குறைகிறது. முதுகெலும்புக் கண்ணிகள் கூடிக்கொண்டே போகின்றன. கடைசியில் கால் இருந்த இடத்தில் ஒரு மேடுகூட இல்லாமல் செதில் மூடிவிடுகிறது.

இதன் நடுப்படிகளைப் பார்க்க வேண்டுமானால் இலங்கைக்குப் போனால் போதும். அங்கே மட்டுமே வாழ்கிற நெசியா என்ற பேரினத்தில், நாலு குட்டிக் கால்கள் உள்ள இனம் இருக்கிறது; பின்னங்கால் மட்டும் மிச்சமிருக்கிற இனம் இருக்கிறது; காலே இல்லாத இனமும் இருக்கிறது. எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஆஸ்திரேலியாவில் லெரிஸ்டா என்ற அரணைப் பேரினம் இன்னும் பெரியது. அதில் ஐந்து விரலும் முழுசாக உள்ளவை தொடங்கி, நாலு, மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்கி, விரலும் இல்லை காலும் இல்லை என்கிற வரை எல்லாப் படியும் இன்றைக்கும் உயிரோடு இருக்கின்றன. 2008-இல் அவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், ஐந்து விரலிலிருந்து காலே இல்லாத நிலைக்கு ஒரு கிளை வந்துசேர ஏறத்தாழ 36 லட்சம் வருஷம்தான் ஆனது என்று கணக்குச் சொன்னார்கள். நமக்கு அது பெரிய எண். நிலத்தின் கணக்கில் ரொம்பக் குறைவு. நம் வேலூர்க் கோட்டையைச் சுற்றி நிற்கிற குன்றுப் பாறைகளின் வயது கோடிக்கணக்கில் போகும்.

கால் இழப்பது ஒரே ஒரு தடவை நடந்த காரியமும் இல்லை. பல்லிக் கூட்டத்துக்குள் தனித்தனியாக இருபது தடவைக்கு மேல் நடந்திருக்கிறது. பாம்புகளும் அப்படி ஒரு பழைய பல்லிக் கிளையிலிருந்து வந்தவைதான். முதலில் கிளம்பிப் பெரிய குடும்பமாகிவிட்டார்கள், அவ்வளவுதான். பாம்பின் கால் எப்படிப் போனது என்று 2016-இல் ஒரு சோதனை செய்தார்கள். கரு வளரும்போது கால் வளர வேண்டிய இடத்தில் ஒரு மரபணுவை முடுக்கிவிடுகிற ஒரு துணுக்கு உண்டு. எலியில் அந்தத் துணுக்கை எடுத்துவிட்டு, மலைப்பாம்பிலும் நாகத்திலும் உள்ள துணுக்கை வைத்துப் பார்த்தார்கள். பிறந்த எலிகளுக்குக் கால் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் மொட்டைதான் இருந்தது. பாம்பின் துணுக்கில் தொலைந்துபோயிருந்த சின்னப் பகுதியைத் திருப்பிச் சேர்த்தபோது கால் வளர்ந்தது. படிக்கும்போது எனக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. ஒரு விலங்கின் கால் இவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறதா என்று.

காலில்லாப் பல்லிகளில் இரண்டு ஜாதி உண்டு. வாலைப் பார்த்தால் தெரியும். புல்லுக்குள் மேலாக வாழ்கிறவற்றுக்கு வால் ரொம்ப நீளம், மொத்த உடம்பில் மூன்றில் இரண்டு பங்கு வாலாகவே இருக்கும். நம் நாட்டில் டார்ஜிலிங், மேகாலயா பக்கத்து மலைகளில் இருக்கிற கண்ணாடிப் பல்லி அந்த வகை. மண்ணுக்குள்ளேயே வாழ்கிறவற்றுக்கு வால் குட்டை, மொண்ணை, கண் சின்னது. பர்குடியா அந்த வகை. நிகோபார் தீவில் திபாமஸ் என்று ஒன்று இருக்கிறது. அதில் பெண்ணுக்குக் காலே கிடையாது, ஆணுக்கு மட்டும் பின்பக்கம் இரண்டு சின்ன மடிப்பு மிச்சம்.

இப்போது வேலைத்தளத்துக்கு வருவோம். எதிரே நெளிகிறது. பாம்பா, பல்லியா? புத்தகத்தில் சுலபமாக எழுதியிருப்பார்கள்: பல்லிக்குக் கண்ணிமை உண்டு, கண் சிமிட்டும், பாம்பு சிமிட்டாது. பல்லிக்குக் காதுத் துளை உண்டு. பாம்புக்கு வெளியே காது இல்லை. பாம்பின் நாக்கு ஆழமாகப் பிளந்திருக்கும். அரணையின் நாக்கு அகலமாக, நுனியில் லேசான வெட்டோடு இருக்கும். பாம்பின் வயிற்றில் ஒரே வரிசையாக அகலப் பட்டைச் செதில். பல்லிக்கு முதுகில் இருப்பதுபோலவே வயிற்றிலும் சின்னச் சின்னச் செதில்கள். எல்லாம் சரி. ஆனால் எல்லாவற்றுக்கும் விதிவிலக்கு உண்டு. மண்ணுக்குள் வாழ்கிற பல்லிகள் சிலவற்றுக்குக் காதுத் துளையைத் தோல் மூடிவிட்டது. ஆஸ்திரேலியாவில் காலில்லாத ஒரு பல்லிக் கூட்டம் மொத்தத்துக்கும் இமையே கிடையாது, கண்ணை நாக்கால் நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். நம் பூந்தொட்டி மண்ணில் கிடக்கிற புழுப்பாம்பு பாம்புதான், ஆனால் அதன் வயிற்றில் பட்டைச் செதில் இல்லை. சுற்றிலும் ஒரே மாதிரிச் செதில்.

அந்தப் புழுப்பாம்பைப் பற்றி ஒரு வார்த்தை. காதுக்குள் நுழைந்துவிடும் என்று பயந்து அதை நசுக்குகிறார்கள். அது கறுப்பு நூல்போல இருக்கிற, விஷம் இல்லாத, எறும்பு முட்டையும் கரையான் குஞ்சும் தின்கிற அப்பாவி. அதில் ஆண் இனமே கிடையாது. எல்லாம் பெண், துணை இல்லாமலே முட்டையிட்டுப் பெண்களையே பெறுகிறது. பூந்தொட்டி மண்ணோடு கப்பலேறி உலகம் முழுக்கப் போய்விட்டது. ஒன்றே ஒன்று போய்ச் சேர்ந்தாலும் குடும்பம் பெருகிவிடுமே.

அதனால் கையில் எடுத்துக் கண்ணைப் பார்க்கிறேன், வயிற்றைப் புரட்டுகிறேன் என்று யாரும் இறங்க வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். நம் மாவட்டத்துக் கல்லடியிலும் வரப்பிலும் சுருட்டை விரியன் தாராளமாக இருக்கிறது. அது சின்னப் பாம்பு, கடி சின்னது இல்லை. கட்டுவிரியன் குட்டியும் மெல்லியதாக, பளபளவென்றுதான் இருக்கும். எது எதுவென்று தெரியாதபோது எல்லாவற்றையும் விரியன் என்றே நினைத்து எட்ட நில்லுங்கள். ஆனால் எட்ட நின்றுவிட்டால் அப்புறம் அடிக்கவும் தேவை இல்லை அல்லவா? நான் கேட்பது இந்த இரண்டாவது பாதியைத்தான். யாரையாவது கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். நேராகப் பெரிய ஆஸ்பத்திரி.

மண்வெட்டி பட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பல்லிகளில் பலவற்றின் வால் எலும்பில், கண்ணிக்கு நடுவிலேயே முறிவதற்கென்று ஒரு கோடு உண்டு. பிடித்தாலோ அடித்தாலோ தசையை இறுக்கி அந்தக் கோட்டில் தானாகவே வாலைக் கழற்றிவிடும். கழன்ற வால் தனியாகத் துள்ளும். ‘வெட்டின ரெண்டும் உயிரோட ஓடுது’ என்று ஊரில் சொல்கிற கதைகள் பாதி இப்படிப் பிறந்தவைதான். வால் திரும்ப வளரும், ஆனால் பழைய வால் இல்லை. உள்ளே எலும்புக் கண்ணிக்குப் பதிலாக ஒரு குருத்தெலும்புக் குச்சி, நிறமும் வேறு, நீளமும் குறைவு. இது அந்தப் பிராணிக்குச் சும்மா கிடைக்கிற வசதி இல்லை. பல பல்லிகள் கொழுப்பைச் சேமித்துவைப்பது வாலில்தான். வாலை விட்டுவிட்டு உயிர் பிழைப்பது, வருஷ வெள்ளாமையை விட்டுவிட்டு ஊரை விட்டு ஓடுகிற மாதிரியான இழப்பு. உடம்பில் வெட்டு விழுந்தால் அதுவும் இல்லை, செத்துப்போகும்.

சாகாமல் இருந்தால் எவ்வளவு காலம் இருக்கும் என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். ஐரோப்பாவில் அங்குவிஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த காலில்லாப் பல்லி ஒன்று, தோட்டங்களில் நத்தையும் மண்புழுவும் தின்று வாழ்வது. முட்டை வெளியே இடாமல் வயிற்றுக்குள்ளேயே பொரித்துக் குட்டியாக ஈனும். டென்மார்க்கில் கோபன்ஹேகன் உயிரியல் பூங்காவில் அதில் ஒன்று 54 வருஷம் வாழ்ந்தது. என் மாணவர்களுக்கு இதைச் சொன்னால், ‘சார், எங்க அப்பாவை விட மூத்தது’ என்கிறார்கள்.

இனி, தேடாத இடத்தில் கிடைத்த கதை. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் அனியெல்லா என்ற பேரினம். மணலுக்குள் நீந்துகிற, பென்சில் தடிமன் பல்லி. இதற்கும் கால் இல்லை, குட்டிதான் ஈனும். ரொம்ப நாளாக இதில் இரண்டு இனம்தான் என்று நினைத்திருந்தார்கள். பிறகு இரண்டு ஆராய்ச்சியாளர்கள், பல வருஷமாக மாநிலம் முழுக்க அட்டைகளையும் பலகைத் துண்டுகளையும் தரையில் போட்டுவைத்து, கொஞ்ச காலம் கழித்துப் போய்ப் புரட்டிப் பார்த்தார்கள். பலகைக்கு அடியில் ஈரம் தங்கும், பூச்சி வரும், பூச்சியைத் தேடிப் பல்லி வரும். 2013-இல் அவர்கள் நாலு புதிய இனங்களை அறிவித்தார்கள். அதில் ஒன்றின் இருப்பிடங்களில் ஒன்று எது தெரியுமா? லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தின் ஓடுபாதை முடிகிற இடத்து மணல்மேடு. தலைக்கு மேல் நாளெல்லாம் விமானம் பறக்கிறது, கீழே மணலுக்குள் பெயர் வைக்கப்படாத ஒரு பிராணி.

நம் ஜவ்வாது மலையில் காவலூரில் பெரிய தொலைநோக்கி இருக்கிறது. அங்கிருந்து வானத்தைத் துழாவி, 1988-இல் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து, கணித மேதை ராமானுஜத்தின் பெயரை வைத்தார்கள். பெருமைதான், நானும் மாணவர்களைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன். அதே மலையில் சாமைக் கொல்லை மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு யாரும் அந்த அக்கறையோடு துழாவவில்லை என்பது என் ஆதங்கம். தொலைநோக்கி தேவைப்படாத வேலை. பலகை போதும்.

அந்தப் பலகை வேலையை நீங்கள் செய்யலாம். மரக்கன்று நட்ட இடத்தில், வரப்போரத்தில், நிழலான பக்கம் ஒரு பழைய பலகையோ சாக்கோ போட்டுவையுங்கள். ஏரி நடுவில் இறுகிய களிமண்ணில் பயன் இல்லை. இந்தப் பிராணிகளுக்குப் பொலபொலவென்ற மண், இலைக்குப்பை, புங்கமரத்தடி, புளியமரத்து வேர், கல் குவித்த ஓரம், இவைதான் பிடிக்கும். முதல் மழைக்குப் பிறகு மண் ஊறிய நாட்களில் மேலே வருவது அதிகம். புரட்டிப் பார்ப்பது எப்போதும் நீளக் குச்சியால்தான். விரலை அடியில் விடவே கூடாது. பல்லிக்குப் பிடித்த இடம் சுருட்டைக்கும் பிடிக்கும், தேளுக்கும் பிடிக்கும்.

பணித்தளப் பொறுப்பாளர்களுக்குத் தனியாக ஒன்று. வருகைப் பதிவுக்காகத் தினமும் இரண்டு வேளை எல்லோரையும் வெயிலில் நிறுத்திப் போட்டோ எடுத்துப் போனில் ஏற்றுகிறீர்கள். நெட்வொர்க் கிடைக்காமல் மலையடிவாரத்தில் போனைத் தூக்கிக்கொண்டு அலைவது எனக்குத் தெரியும். அந்தப் போனில் இன்னும் ஒரு போட்டோ எடுப்பது பெரிய பாரம் இல்லை என்று நம்பிக் கேட்கிறேன். தலையின் பக்கவாட்டு ஒன்று, முழு உடம்பு ஒன்று. அளவு தெரிய, ஏற்கெனவே அங்கே கிடக்கிற மண்வெட்டிப் பிடியோ தீப்பெட்டியோ படத்தில் விழுந்தால் நல்லது. அதற்காகக் கிட்டே கொண்டுபோய் வைக்க வேண்டாம். செத்துப்போய்விட்டதென்றால் அதையும் படம் எடுங்கள், அதற்காக யாரையும் திட்ட வேண்டாம். படத்தோடு ஊர் பெயர், தேதி, எவ்வளவு ஆழத்தில் வந்தது, மண் மணலா செம்மண்ணா என்று நாலு வரி. பக்கத்துக் கல்லூரியின் விலங்கியல் துறைக்கோ வனவருக்கோ அனுப்பலாம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்தால் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றச் சொல்லலாம், உலகத்தில் எங்கிருந்தாவது தெரிந்தவர்கள் பார்த்துப் பெயர் சொல்வார்கள்.

பிடித்து வைக்காதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மண்ணுளிப் பாம்புக்கு லட்சக்கணக்கில் விலை, வீட்டில் வைத்தால் அதிர்ஷ்டம், மருந்துக்கு ஆகும் என்று சொல்லிக்கொண்டு வருகிற தரகர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவ்வளவும் பொய். மருந்தும் இல்லை, அதிர்ஷ்டமும் இல்லை. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஜெயில்தான் உண்டு. தரகர் தப்பிவிடுவார், பிடித்துக்கொடுத்தவர் மாட்டுவார். கால் இல்லாத அரணை என்று ஒன்று உண்டு, அபூர்வம் என்று நான் எழுதப்போய் அதற்கும் யாராவது விலை பேச வந்தால், அந்தப் பாவத்தில் எனக்குப் பங்கு வந்துவிடும். அபூர்வம் என்பது படம் எடுப்பதற்கு மட்டும்தான்.

ஜேசிபிக்காரரிடம் இதையெல்லாம் கேட்க முடியாது. அந்த வாளி ஒரு தடவை இறங்கினால் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. பாலாற்று மணலை அள்ளியபோதும் அப்படித்தான் அள்ளினார்கள். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் கழிவு நிலத்தை உப்பாக்கியபோது, வேலூர்க் குடிமக்கள் மன்றம் போட்ட வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே சொன்னது. அந்த வழக்கில் பேசப்பட்டது குடிதண்ணீரும் விவசாயமும், அது நியாயம்தான். மண்ணுக்குள் என்னென்ன இருந்தது என்ற கணக்கு யாரிடமும் இல்லாததால் அதைப் பற்றி யாராலும் பேச முடியவில்லை. கையால் வெட்டுகிற வேலையில் மட்டும்தான் ஒரு நொடி நிற்க முடியும். மண்வெட்டியை ஓங்கிய கையை இறக்காமல் வைத்திருக்க உங்களால் முடியும், எந்திரத்தால் முடியாது.

ஏதாவது படம் கிடைத்து, யாரிடம் கொடுப்பதென்று தெரியாவிட்டால், அதை அழித்துவிடாமல் போனிலேயே வைத்திருங்கள். போன் மாற்றும்போது பிள்ளைகளிடம் சொல்லிப் பழைய படங்களையும் மாற்றிக்கொள்ளுங்கள். தேதியும் ஊரும் சரியாக இருந்தால், ஒரு வருஷம் கழித்துக் காட்டினாலும் அது பயன்படும்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு விலங்கியல் சொல்லிக்கொடுக்கும் ஓர் ஆசிரியர்,
குடியாத்தம் வட்டம்